படிப்பும் வேலையும் இல்லாத பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு: டேப்லெட் வாங்கும் முன்னால்

நீங்கள் கேட்டது இது. கடையம் பக்கம் உங்கள் ஊரில், படிப்பையும் நிறுத்திவிட்டு நிலையான வேலையும் இல்லாமல் பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்குள் முப்பது நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறீர்கள். பத்து டேப்லெட் வாங்கிக் கொடுத்து ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டால் ஒரு வழி கிடைக்குமா, எந்த வகுப்பு நல்லது?

வழி கிடைக்கும் தம்பி. ஆனால் நீங்கள் போட்டிருக்கிற வரிசையை மாற்ற வேண்டும். முதலில் பிள்ளை யார் என்று பாருங்கள். அடுத்து, அந்தப் பிள்ளை போய்ச் சேரக்கூடிய இடம் எது என்று பாருங்கள். மூன்றாவதாக, "நேத்து ஏன் வரலை?" என்று கேட்கிற ஒரு ஆளைத் தேடுங்கள். இந்த மூன்றும் கிடைத்த பிறகு எந்த வகுப்பு என்பது பெரிய கேள்வியாகவே இருக்காது, பாதி வகுப்புகள் இலவசமாகவே கிடக்கின்றன. டேப்லெட் வாங்குவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்யலாம்.

நெல்லை, தென்காசிப் பக்கம் பயிற்சி வேலைகளில் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முப்பது நாற்பது பேர் என்று ஒரே மொத்தமாக எண்ணினால் எதுவும் நடக்காது. அவர்களுக்குள் நாலு விதமானவர்கள் இருப்பார்கள்.

பெரிய கூட்டம் பெண்பிள்ளைகள். உலகத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் இந்திய வேலைவாய்ப்பு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. படிப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் பயிற்சியிலும் இல்லாமல் இருக்கிற 15 முதல் 29 வயதுக்காரர்கள், 2022 நிலவரப்படி, ஆண்களில் 9.8 சதவீதம், பெண்களில் 48.4 சதவீதம் என்று அதில் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் தெருவில் நம் கண்ணுக்குப் படுவது பையன்கள்தான். டீக்கடை வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாலத்துச் சுவரிலும் அவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ஊர்க்காரர்கள் எந்தத் திட்டம் போட்டாலும் அது பையன்களுக்கான திட்டமாகவே முடிந்துவிடுகிறது. உங்கள் பட்டியலில் எத்தனை பெண்பிள்ளைகள் என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் குறைவாக இருந்தால் பட்டியல் தப்பு. வீடு வீடாகப் போய்த் திரும்ப எடுக்க வேண்டும், அதுவும் ஒரு பெண் போய் எடுக்க வேண்டும்.

இந்தப் பெண்பிள்ளைகளில் பலர் சும்மா இருக்கவில்லை. கடையம், முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர் பக்கமெல்லாம் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளை வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருப்பாள். கணக்குப் புத்தகம் அம்மா பேரில் இருக்கும், பீடிக்கடையில் கூலி வாங்குவது அம்மா, சுற்றுவது இரண்டு மூன்று பேர். அந்தப் பிள்ளையின் உழைப்புக்கு எந்தத் தாளிலும் பேர் கிடையாது. மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் இப்படியே போகும். இவளை வகுப்புக்கு வா என்று கூப்பிட்டால் அன்றைக்குச் சுற்றுகிற எண்ணிக்கை குறையும், அந்த வீட்டின் வருமானம் குறையும். "ஏட்டி, முதல்ல தட்டை எடு, அப்புறம் படிக்கலாம்" என்று அம்மா சொன்னால் அதைக் கல்வியின் அருமை தெரியாத பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். அது வீட்டுச் செலவுக் கணக்கு.

இரண்டாவது கூட்டம், பத்தாவதிலோ பதினொன்றிலோ ஒன்றிரண்டு பாடத்தில் தவறிவிட்டு, சென்னையில் மளிகைக்கடை, துணிக்கடை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போய்ச் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த பையன்கள். இவர்களுக்கு உழைக்கத் தெரியும். திரும்பப் புத்தகத்தைத் தொடுவதற்குத்தான் பயம், அதைவிடக் கூச்சம். மூன்றாவது, டிப்ளமோ, இன்ஜினியரிங், டிகிரி என்று சேர்ந்து அரியரோடு வீட்டில் இருப்பவர்கள். பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பகுதி இது. அதனாலேயே இவர்கள் தங்கள் நிலையை வெளியே சொல்ல மாட்டார்கள், "ரிசல்ட்டுக்கு வெயிட் பண்றேன்" என்பார்கள். நாலாவது, உடம்பு முடியாத அம்மாவையோ ஆச்சியையோ பார்த்துக்கொள்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏதோ ஒரு தகராறில் பேர் சேர்க்கப்பட்டு வழக்கோடு அலைகிறவர்கள். எண்ணிக்கையில் சிறியது, ஆனால் ஆன்லைன் படிப்பு உண்மையிலேயே அதிகம் உதவக்கூடிய கூட்டம் இதுதான், ஏனென்றால் இவர்களால் வேறு எங்கும் போக முடியாது.

இப்போது ஆன்லைன் படிப்பைப் பற்றி. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்திய இலவச இணைய வகுப்புகளின் ஆறு வருஷக் கணக்கை எடுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வகுப்புக்குள் ஒரு தடவைகூட நுழையவில்லை. 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதே ஆய்விதழில் 2015-இல் வந்த இன்னொரு கட்டுரை, வசதியான பகுதிகளில் இருப்பவர்கள்தான் அதிகம் சேர்கிறார்கள் என்றும், இளம் வயதினரிடையே வசதி உள்ளவர்கள்தான் அதிகம் முடிக்கிறார்கள் என்றும் காட்டியது. அது அமெரிக்கக் கணக்கு. ஆனால் அதன் காரணம் நமக்கும் பொருந்தும். ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவனுக்கு இணையம் பெரிய வரம். பள்ளிக்கூடத்தில் தோற்றுப்போய் வெளியே வந்தவனுக்கு இணைய வகுப்பு இன்னொரு பள்ளிக்கூடம், இங்கே அவன் எழுந்து போனாலும் யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

அதே 2019 கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். பணம் கட்டிச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், 46 சதவீதம் பேர், முடித்திருக்கிறார்கள். காசு கட்டியதால் மூளை கூடிவிடவில்லை. முடிக்க வேண்டிய காரணம் அவர்கள் கையில் இருந்தது. நம் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கச் சொல்லவில்லை. ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டு, ஹால் டிக்கெட் வரப்போகிறது, தேதி இருக்கிறது என்ற நிலையை உண்டாக்கிவிட்டு அப்புறம் பாடத்தை ஆரம்பியுங்கள் என்கிறேன்.

சரி, எந்தத் தேர்வு, எந்த இடம்? ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு.

எட்டாவதோடு நின்றவர்களும் பத்தாவதில் தவறியவர்களும் முதலில் அந்தத் தடையைத் தாண்ட வேண்டும், இதில் சுற்றுவழி கிடையாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களை எழுத விடுகிறது. எட்டாம் வகுப்புக்கே தனித்தேர்வு உண்டு. பத்தாவதில் தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். பொதுத்தேர்வு முடிவு வந்த கையோடு துணைத் தேர்வும் வரும். எட்டாவது முடித்துவிட்டு நேராகப் பத்தாவது எழுதுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளிக்கு நேரில் போயாக வேண்டும், வருகைப் பதிவும் உண்டு. வீடியோ பார்த்துப் படித்துவிட்டு இந்தப் பதிவை விட்டுவிட்டதால் தேர்வு எழுத முடியாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்க முடியாது என்று இருப்பவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-இல் தொடங்கியது, பத்தாவதும் பன்னிரண்டாவதும் அதில் எழுதலாம்.

இங்கே ஆன்லைன் பாடம் நன்றாக வேலை செய்யும். தவறிய பாடம் பெரும்பாலும் கணக்கு, ஆங்கிலம், அறிவியல். பாடநூல் முழுவதையும் நடத்தத் தேவையில்லை. கல்வித் தொலைக்காட்சியின் வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன, பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. தேர்ச்சிக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் யாராவது ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பொறுக்கி, நாளுக்கு ஒரு வீடியோ, ஐந்து கேள்வி என்று பிரித்துக் கொடுத்தால் போதும். ஓய்வுபெற்ற வாத்தியார் இல்லாத ஊர் நம் பக்கத்தில் ஏது? அவரிடம் போய்ப் பாடம் நடத்தச் சொல்லாதீர்கள், பொறுக்கித் தரச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்.

அதைத் தாண்டியவர்களுக்கு ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம். திருநெல்வேலி பேட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐடிஐ இருக்கிறது. வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை, பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. இது பலருக்குத் தெரியாது, கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பெண்ணும் சேரலாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதற்கு மேல் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரும். தகுதி விவரத்தைச் சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஐடிஐ பாடங்களுக்கான புத்தகமும் வினா வங்கியும் மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, தொழிலின் எழுத்துப் பகுதிக்கு அது நல்ல துணை. ஆனால் வெல்டிங்கை வீடியோவில் கற்க முடியாது. கை சுட வேண்டும், கண்ணாடி போட்டு நெருப்பைப் பார்க்க வேண்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கும் அப்படித்தான், உயரத்தில் ஏறி நிற்கும் பயிற்சியை எந்தச் செயலியும் தராது. ஆறு மாத ஆன்லைன் கோர்ஸில் டெக்னீஷியன் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் அங்கே டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் ஆலையை முதலமைச்சர் திறந்துவைத்தார், 3,800 கோடி ரூபாய் முதலீடு. அங்கே உற்பத்திப் பிரிவில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீடித் தட்டிலிருந்து எழுந்து வரப் பெண்பிள்ளைக்கு இப்படியோர் இடம் பக்கத்து மாவட்டத்திலேயே இருப்பது பெரிய விஷயம். ஆனால் வேலைக்குப் போகிற பெண் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும், கம்பெனி வண்டி எந்த ஊர் வரை வருகிறது என்று பார்க்க வேண்டும், அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இதில் ஆன்லைன் படிப்பின் பங்கு சிறியது: அடிப்படைக் கணக்கு, பாதுகாப்பு விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம், நேர்முகத்தில் நாலு வார்த்தை தயங்காமல் பேசுவது. சம்மதம் வாங்குகிற வேலையை ஏற்கெனவே அங்கே வேலைக்குப் போகிற பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து பேசினால் ஒரே நாளில் முடித்துவிடுவாள்.

பன்னிரண்டாவது முடித்தவர்களில் கணக்கும் தர்க்கமும் பிடித்த பிள்ளை இருந்தால், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை இருக்கிறது. 2011-இலிருந்து ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அங்கே இயங்குகிறது. அவர்களுடைய பள்ளியில் பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள். அந்தத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய இணையமே போதும். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பும் உண்டு. பன்னிரண்டாவதில் எந்த குரூப் படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை இருக்கிறது. பாடம் வீட்டில், தேர்வு மையத்தில் நேரில். ஊரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இது பொருந்தும். ஆனால் அந்த ஒன்றிரண்டு பேரைத் தவறவிட்டுவிடாதீர்கள். அரியர் வைத்திருப்பவர்களுக்கு என்பிடெல் என்ற இணைய விரிவுரைத் தளம். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. மெக்கானிக்ஸ், சர்க்யூட்ஸ் என்று மாட்டிக்கொண்ட பாடத்தின் விரிவுரை முழுவதும் அதில் இலவசமாகக் கிடைக்கும்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை எழுத நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். பத்தாவது தேர்ச்சி போதும், ஆனால் இலட்சக்கணக்கானவர்கள் போட்டியிடும் தேர்வு, அதை மட்டுமே நம்பி மூன்று நாலு வருஷம் வீட்டில் உட்காருவதை நான் ஆதரிக்க மாட்டேன். எழுதட்டும், கூடவே தட்டச்சு லோயரையும் முடிக்கட்டும். வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, செலவில்லாமல் படிக்கலாம்.

பீடி சுற்றுகிற பிள்ளைகளுக்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

அவர்களுக்குக் கை ஓய்வில்லை, கண்ணும் ஓரளவு இலையில்தான் இருக்க வேண்டும். காது மட்டும் சும்மா இருக்கிறது. பாட்டோ சீரியல் வசனமோ எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காதுக்குப் பாடம் கொடுக்கலாம். புதிய யோசனை ஒன்றும் இல்லை. கியூபாவில் 1865-இலிருந்தே சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், மலைக்கு அந்தப் பக்கம் கண்ணூரில், 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கத்தின் கூடங்களில் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் பேப்பர் வாசிப்பார், அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.

நம்மிடம் வீட்டுக்கு வீடு தனித்தனியாகச் சுற்றுகிறார்கள், கூடம் இல்லை. ஆனால் வாட்ஸ்அப் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிஷக் குரல் பதிவுகளாகப் பாடத்தைச் செய்து காலையில் குழுவில் போட்டுவிடுங்கள். சமூக அறிவியல், தமிழ், பேச்சு ஆங்கிலம், பொது அறிவு இவையெல்லாம் காதால் கேட்டே பெரும்பகுதி படித்துவிடலாம். குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, அதில் 100 தமிழ்ப் பகுதி. அந்தப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளையே திருத்த மாட்டார்கள். இலக்கணமும் செய்யுளும் கேட்டுக் கேட்டே நிற்பவை. நம் குரலில், நம் ஊர்ப் பேச்சில் பதிவு செய்யுங்கள். "இந்த இடத்துல கொஞ்சம் கவனி பிள்ளே" என்று நடுவில் ஒரு வார்த்தை வந்தால் பிள்ளை உட்கார்ந்து கேட்கும். மாலையில் பதில்களைக் குரல் பதிவாகவே அனுப்பச் சொல்லுங்கள், எழுதச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கணக்குக்கு இது உதவாது. அதற்குப் பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்தாக வேண்டும், வாரத்தில் ஒரு நாள் அதற்கு ஒதுக்குங்கள்.

ஒலிப் பதிவில் இன்னொரு வசதி டேட்டா. பெரும்பாலும் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அண்ணனிடமோ அப்பாவிடமோ இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பிறகு கைக்கு வரும்போது அன்றைய ஒன்றரை ஜிபி முக்கால்வாசி தீர்ந்திருக்கும். ஒரு மணி நேரத் தெளிவான வீடியோ ஒரு ஜிபிக்கு மேல் தின்றுவிடும், அதே நேரத்துக் குரல் பதிவுக்கு அதில் சொற்பமே போதும். அதனால் டேப்லெட் பணத்தில் ஒரு பங்கை ரீசார்ஜுக்கு வையுங்கள், 28 நாளுக்கு ஒரு முறை, வகுப்புக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைக்கு. பெண்பிள்ளையிடம் தனிப் போன் கொடுத்தால் வீட்டில் சந்தேகம் வரும் என்பதும் உண்மை, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. போனை அம்மாவின் பேரில், அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். அம்மாவும் சேர்ந்து பாடம் கேட்பாள், அது இன்னும் நல்லது.

டேப்லெட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வேலைக்கு வேண்டிய கணினிப் பழக்கம் விசைப்பலகையில்தான் வரும். கணக்குத் தாள் போடுவது, கடிதம் அடிப்பது, ஃபைலை ஒழுங்காகச் சேமித்து வைப்பது எதுவும் தொடுதிரையில் கைகூடாது. 2011-இலிருந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு இலவச மடிக்கணினி கொடுத்ததே, அவற்றில் எத்தனை உங்கள் ஊர்ப் பீரோக்களில் தூங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பேட்டரி போயிருக்கும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். புது பேட்டரியோ நேர் மின்சாரமோ கொடுத்து, லினக்ஸ் போட்டு, நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கற்றுக்கொள்ளத் தாராளமாக ஆகும். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இதற்கென்றே செய்தவை போல இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிஷம், தமிழ்க் குரலிலும் இருக்கிறது, ஒரு பக்கம் வீடியோவை ஓட்டி நிறுத்தி மறுபக்கம் தானே செய்து பார்க்க வேண்டும். ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் தொடங்குங்கள்.

இடம். இதை நம் பகுதியில் மிகக் கவனமாக முடிவு செய்ய வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சாதிப் பகையில் வீடு புகுந்து கூடப் படித்தவர்களே வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, பள்ளிக்குள் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடுப்பது உட்படப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. பள்ளியைவிட்டு நின்ற பையன்களில் சிலர் அந்தப் பகையால்தான் நின்றிருப்பார்கள். மையத்தை ஒரு தெருவின் சமுதாயக் கூடத்தில் வைத்தால் அடுத்த தெருப் பிள்ளை வராது. கோயில் மண்டபத்தில் வைத்தால் சிலர் வர மாட்டார்கள், இன்னும் சிலரை வரவிட மாட்டார்கள். ஊர்ப்புற நூலகம், பஞ்சாயத்து ஆபீஸ், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை, இப்படி எல்லோருக்கும் பொதுவான இடமாகப் பாருங்கள். பக்கத்து நகராட்சியில் அறிவுசார் மையம் இருந்தால் இன்னும் நல்லது. 2021-இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வந்துபோகச் செலவில்லை. பையன்களுக்குப் பஸ் காசு நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள்.

நேரம், பெண்களுக்குக் காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை என்றால் வருவார்கள், பீடிக்கடைக்குப் போகிற நாளைத் தவிர்த்துவிடுங்கள். பையன்களுக்கு மாலை.

இனி, "ஏன் வரலை?" என்று கேட்கிற அந்த ஆள். உங்கள் பணத்தில் பெரும்பங்கு இதற்குப் போக வேண்டும். அதே ஊரில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணைப் பாருங்கள், அவளும் உங்கள் பட்டியலில் இருக்கிறவள்தான். மாதச் சம்பளம் பேசி அவளைப் பொறுப்பாக்குங்கள். பாடம் நடத்துவது அவள் வேலை இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யாருடைய விண்ணப்பம் நிற்கிறது, யாருக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, இதெல்லாம்தான் அவள் வேலை. இரண்டு நாள் வராத பிள்ளைக்கு மூன்றாம் நாள் போன், நாலாம் நாள் வீட்டு வாசல். கண்டிக்கப் போக வேண்டாம், "வரலையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் போதும். வீட்டில் சண்டை, மாதவிடாய் வலி, தம்பிக்குக் காய்ச்சல், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள், போன் உடைந்துவிட்டது, இவைதான் பிள்ளைகள் நின்றுபோகிற காரணங்கள், பாடம் கஷ்டம் என்பது கடைசியில்தான் வரும். இருபது பேருக்கு ஒருத்தி. நாற்பது பேர் என்றால் இரண்டு பேர், ஒருவர் பையன்களுக்கு. எந்தச் செயலியின் நினைவூட்டலும் இந்த வேலையைச் செய்து நான் பார்க்கவில்லை.

அரசுத் திட்டங்களில் இருப்பதை வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச்சில் மாணவர்களை வைத்துத் தொடங்கியது. படிப்பை முடித்தோ விட்டோ வெளியே இருப்பவர்களுக்காக 2025 ஜூலையில் 'வெற்றி நிச்சயம்' என்று 18 முதல் 35 வயது வரை இலவசப் பயிற்சித் திட்டம் வந்தது. உங்கள் பொறுப்பாளரை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்கு நேரில் அனுப்பி, எந்தப் பயிற்சி எந்த ஊரில் நடக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருஷம் ஆனவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. சிறிய தொகைதான், ஆனால் பஸ்ஸுக்கும் ரீசார்ஜுக்கும் ஆகும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பிள்ளைகள் கையில் போனும் வேலை தேடுகிற மனதும் இருப்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். டெலிகிராமில் லைக் போட்டால் காசு, வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் கட்டினால் லேப்டாப் என்று வரும் எல்லாவற்றையும் பற்றி முதல் வாரமே ஒரு வகுப்பு எடுங்கள். பணம் போய்விட்டால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும், வெட்கப்பட்டுத் தாமதித்தால் மீட்பது கடினம். வெளிநாட்டு ஆசை இன்னும் ஆபத்தானது. தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்ய வைத்த கதையில் தமிழ்நாட்டுப் பையன்களும் மாட்டினார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திடமும் கேட்கலாம். கடன் வாங்கிச் சேரச் சொல்கிற ஆன்லைன் கோர்ஸ் எதிலும் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் சரி.

காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நல்ல முயற்சிகள் பல வீணாகின்றன. பத்தாவது முடிவு மே மாதம் வரும், ஐடிஐ சேர்க்கையும் அதை ஒட்டியே தொடங்கும், துணைத் தேர்வு அதற்குப் பின்னாலேயே வரும். அந்த நேரத்தில் ஆளைத் தேடி, இடத்தைத் தேடி ஓடினால் ஒரு வருஷம் போய்விடும். இப்போது பட்டியலைச் சரிசெய்யுங்கள், கார்த்திகைக்குள் பொறுப்பாளரையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள், தனித்தேர்வர் விண்ணப்ப அறிவிப்பு வருகிறதா என்று தேர்வுத் துறைத் தளத்தை வாரம் ஒரு முறை பாருங்கள், பொங்கல் கழிந்ததும் பாடம் தொடங்கட்டும். முதல் தடவை நாற்பது பேரையும் எடுக்க வேண்டாம், பதினைந்து பேர் போதும், அதில் பத்துப் பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் கடைசியாகப் படித்த வகுப்பு, தவறிய பாடம், போன் யாரிடம் இருக்கிறது, பகலில் எந்த நேரம் ஓய்வு என்ற நாலு விவரத்தை எழுதி அனுப்புங்கள். யாருக்கு எது பொருந்தும் என்று பேர் பேராகப் பார்த்துச் சொல்கிறேன்.